படைப்புழுவுக்குக் கஞ்சி

ஜூன் 8

மிருகசிரக் கார்த்தி, மழைக்காலம் தொடங்கும் நாள். இன்றைக்கு மீன் வாங்காத வீடு ஹைதராபாத்தில் இருக்குமா? என் வீட்டுக்காரர் ஐலேஷ் விடிவதற்குள் சந்தைக்கு ஓடி இரண்டு விரால் வாங்கி வந்துவிட்டார். ஜனகாமிலிருந்து அவர் தம்பி கொமுரய்யாவும் வந்து சேர்ந்தான். குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று முறை சோறு போட்டுக்கொண்டான்.

அவன் மக்காச்சோளத்தில் மறுபடி படைப்புழுவாம். "நாங்க மருந்தடிச்சு மருந்தடிச்சு அந்தப் புழுவைக் கொல்றோம். அண்ணி என்னடான்னா ஏசி ரூம்ல வச்சு அதுக்கு வெளிநாட்டுக் கஞ்சி ஊத்தி வளக்கறாங்க" என்றான். எனக்குப் புரையேறிவிட்டது. நாங்கள் வளர்ப்பது புழுவை இல்லை, அதன் சினைப்பையிலிருந்து எப்போதோ யாரோ எடுத்த செல்களை. அவற்றுக்குள் ஒரு வைரஸை விட்டால் ஆட்டின் நீலநாக்கு நோய்க் கிருமியினுடைய வெறும் ஓட்டைச் செய்து தரும். அந்த ஓடுதான் தடுப்பூசி. நூறாவது முறையாகச் சொன்னேன். நூறாவது முறையாகத் தலையாட்டினான்.

கை கழுவும்போது மட்டும் சிரிக்காமல் கேட்டான். "போன மழைக்குப் பாதிப் பட்டி போச்சு அண்ணி. நாக்கு வீங்கி, நீலம் பாஞ்சு, தண்ணி கூடக் குடிக்க முடியாம. இந்த ஊசி எந்த மழைக்கு வரும்?"

சீக்கிரம் என்றேன். ஆறு வருஷமாக அதைத்தான் சொல்கிறேன்.

ஜூன் 10

எங்கள் முதலாளி கோடேஸ்வர ராவ் கூப்பிட்டு அனுப்பினார். பெயரில் கோடி; பேச்சில் பைசா. ஆனால் இன்று அவர் சொன்னது நியாயம், அதுதான் எரிச்சல்.

"ஏம்மா ஹைமா, உன் ஊசி ஒண்ணு இப்ப பிரியாணி விலையில நிக்குது. ஆட்டுக்காரன் டீ விலைக்குத்தான் வாங்குவான். தசராவுக்குள்ள டீ விலைக்குக் கொண்டு வா. இல்லேன்னா ரியாக்டரை முகப்பூச்சுக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டுடுவேன். அவங்க வாசல்லயே நிக்கறாங்க."

செலவில் பெரும்பகுதி செல்களுக்கு நாங்கள் ஊற்றும் ஊட்டக் கரைசல்தான். அதற்கான பொடி கப்பலில் வருகிறது, மூட்டை மூட்டையாக. ஆய்வகத்தில் நாங்கள் அதைக் கஞ்சி என்போம். கஞ்சி செலவைக் கால்வாசியாக்க வேண்டும், விளைச்சல் குறையக் கூடாது. இல்லையென்றால் என் இருநூறு லிட்டர் ரியாக்டரில் யாரோ சீமாட்டிகளின் சுருக்கத்துக்கு மருந்து கொதிக்கும்.

ஆனாலும் சாயங்காலம் நுண்ணோக்கியில் பார்த்தேன். என் பிள்ளைகள் பளபளவென்று உருண்டு திரண்டு கிடந்தன. இவற்றை விட்டுக் கொடுக்கவா? போங்கள் சார்.

ஜூன் 16

ஒரு வாரமாக நாலு குடுவைகளில் நாலு கஞ்சி ஆட்டிக்கொண்டிருக்கிறோம். உள்நாட்டுப் பொடி: பரவாயில்லை, விலை பாதிதான் குறைகிறது. கன்றுக்குட்டி ரத்தநீர்: வெளிநாட்டுக் கஞ்சியை விடவும் விலை. சோயாத் தண்ணீர்: செல்கள் முகம் சுளித்தன. மோர்த்தெளிவு: தயிராகிவிட்டது, யார் தப்பு என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் உதவியாளர் ஸ்வரூபா பட்டுப்புழுவைப் பிழிந்து பார்க்கலாம் என்றாள். எத்தனை லட்சம் புழுவை யார் உட்கார்ந்து பிழிவது என்றேன். "என் மாமியாரை அனுப்பறேன் அக்கா" என்கிறாள். இன்னும் கல்யாணமே ஆகவில்லை அவளுக்கு.

அப்புறம் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு தோன்றியது. வெளிநாட்டு மூட்டையில் உப்பும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இங்கேயே கிடைப்பவை. அதில் உயிர்நாடி ஒன்றுதான்: ஈஸ்ட் சாறு. அந்த ஈஸ்ட்டை சங்காரெட்டி பீர் ஆலைகள் லாரி லாரியாக மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளுகின்றன!

ஈஸ்ட்டை இளஞ்சூட்டில் வைத்தால் தன்னைத் தானே செரித்துச் சாறாகிவிடும். வடிகட்டி, கொஞ்சம் மீன் எண்ணெய் கலந்தால் கஞ்சி. எழுந்து ஆடினேன். உண்மையாகவே ஆடினேன். ஸ்வரூபா கதவைச் சாத்தினாள்.

ஜூன் 17

ஆடியது போதும். தரக் கட்டுப்பாட்டு அனசூயா மேடத்திடம் சொல்ல வேண்டும்.

அவர் இந்தக் கட்டடத்துக்குள் பன் ரொட்டிகூட வர விடாதவர். தோசை மாவு கரைத்த கையோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார். ஒரே ஒரு ஈஸ்ட் உயிரோடு ரியாக்டருக்குள் விழுந்தால் மறுநாள் செல் இல்லை, கள்ளுதான் இருக்கும். அது அவருக்கு எமன். நான் அந்த எமனை டிரம் டிரம்மாகக் கொண்டுவரப் போகிறேன் என்று போய் நிற்கிறேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். "நீ நல்லாத்தானே இருந்தே?" என்றார்.

ஜூன் 24

வென்றேன்! பாதி.

ஒரு வாரம் சண்டை. கடைசியில் மேடம் ஒரு விதி போட்டார், முதலாளியும் தலையாட்டிவிட்டார். வளாகத்தின் மறுகோடியில், பாய்லருக்குப் பின்னால் இருக்கும் பழைய கொட்டகையில் ஈஸ்ட் காய்ச்சலாம். அங்கே கால் வைத்தவர் இரண்டு நாளைக்குச் செல் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. காய்ச்சிய சாறு கொதித்து, நுண்வடிகட்டியில் இறங்கி, மூடிய குப்பியில் இரட்டைக் கதவு அலமாரி வழியாகத்தான் உள்ளே போகும். ஆள் போகாது.

காய்ச்சத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தினம் காய்ச்ச வேண்டும். அப்படியென்றால் எனக்கு அந்த இரண்டு நாள் எப்போது முடியும்?

கணக்கு, கொட்டகையைப் பார்க்கப் போகும் நடுவழியில்தான் புரிந்தது. என் பிள்ளைகளை ஸ்வரூபாவிடம் கொடுத்துவிட்டு நான் கொட்டகைக்கு. போனில்தான் பேச்சு. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பாய்லர்காரர் பயந்துவிட்டார்.

ஜூலை 3

முதல் உலை! நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். பழைய சாக்ஸை மாமிச சூப்பில் ஊறவைத்தது போல. எனக்கு மட்டும் மணக்கிறது, என்ன செய்ய.

பேருந்தில் வீட்டுக்கு வந்தேன். ஷாமிர்பேட்டையில் ஏறிய பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி, என்னை மேலும் கீழும் பார்த்தார். சேலை, சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை. அப்புறம் என் காதருகே குனிந்து, "பகல்லயே ஆரம்பிச்சிட்டியாம்மா? வீட்டுல கஷ்டமா?" என்று கேட்டார். இல்லைம்மா, புழுவுக்குக் கஞ்சி காய்ச்சினேன் என்றேன். இன்னும் நிறையக் குடித்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். இடத்தை மாற்றிக்கொண்டார்.

ஐலேஷ் கதவைத் திறந்து, மோந்து பார்த்து, "எனக்கு?" என்றார்.

ஜூலை 9

எல்லாம் செத்துவிட்டன.

ஸ்வரூபா போன் செய்தாள். காலையில் என் கஞ்சிக்கு மாற்றிய செல்கள், சாயங்காலம் சுருங்கி, கறுத்து, அடியில் படிந்துவிட்டன. ஒன்றுகூட மிதக்கவில்லை.

கொட்டகையில் உட்கார்ந்து சாற்றை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு. அடியே, கசப்பு! பீருக்குக் கசப்பு வரப் போடுகிற பூ! அது ஈஸ்ட்டின் மேலெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழுவாமல் போட்டுக் காய்ச்சி என் பிள்ளைகளுக்கு விஷத்தை ஊட்டியிருக்கிறேன். குழந்தைக்குப் பால் காய்ச்சும் முன் பாத்திரம் கழுவத் தெரியாதா எனக்கு? அதோடு ஒரே நாளில் முழுசாக மாற்றச் சொன்னதும் நான்தான். என்ன அவசரம் எனக்கு?

ஜூலை 10

சாற்றை நாக்கில் வைத்தேன் என்று மேடத்திடம் உளறிவிட்டேன். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்.

ஜூலை 21

நேற்று போனாலுத் திருவிழா. தலையில் பானை வைத்து நடந்து கழுத்து வலிக்கிறது. அம்மவாருக்கு வைத்த சோற்றில் கொஞ்சம் என் செல்களுக்காகவும் என்று வேண்டிக்கொண்டேன். புழுவுக்காக வேண்டியதற்குக் கோபிக்க மாட்டாள்.

இப்போது ஈஸ்ட்டைச் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் மூன்று தடவை கழுவுகிறேன். கசப்பு போய்விட்டது. (நாக்கில் வைக்கவில்லை. மோந்துதான் பார்த்தேன். சரி, கொஞ்சம் வைத்தேன்.) செல்களையும் மெதுவாகப் பழக்குகிறோம்: முதலில் கால் பங்கு என் கஞ்சி, பிறகு பாதி, பிறகு முக்கால். பால் குடிக்கும் பிள்ளையைச் சோற்றுக்கு மாற்றுகிற மாதிரிதான்.

செல் கட்டடத்துக்கு வெளியே, பார்வையாளர் நடைபாதையில் ஒரு கண்ணாடிச் சுவர் இருக்கிறது. மத்தியானம் அங்கே போய் நின்றேன். உள்ளே ஸ்வரூபா குடுவையைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள். பால் கலந்தது போல மங்கல். மங்கல் என்றால் செல் நிறைய என்று அர்த்தம். கண்ணாடியில் மூக்கு பட்டுவிட்டது. மேடம் அதைத் துடைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஆகஸ்ட் 6

முழுசும் என் கஞ்சியில்! ஏழாவது தலைமுறை! வளர்கின்றன, பிரிகின்றன, கொழுக்கின்றன! வெளிநாட்டுக் கஞ்சியில் வளர்வதை விட வேகம்! கால் தரையில் பாவவில்லை. ஸ்வரூபா போனில் எண்ணிக்கையைச் சொல்லச் சொல்ல நான் கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஆகஸ்ட் 14

முதலாளிக்குச் செய்தி போனது. அவரே கொட்டகை வாசல் வரை வந்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு. லட்டு கொடுத்தார். எல்லோருக்கும் ஆளுக்குப் பாதி. அவர் கையிலிருந்து பாதி லட்டு வருவது முழுத் தங்கக் காசு வருவது போல.

"இருநூறு லிட்டர்ல போடு. வைரஸ் குடு. ஓட்டை எடுத்துக் காட்டு. அப்புறம் பேசலாம்" என்றார்.

இருநூறு லிட்டருக்குக் கஞ்சி! உலை பத்தாது. பாய்லர்காரர் எங்கிருந்தோ ஒரு கல்யாண அண்டா கொண்டுவந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 24

ரியாக்டரில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. வழக்கமாக வைரஸ் கொடுக்கும் அளவைத் தாண்டிவிட்டது. கொடுத்துவிடலாமா என்று ஸ்வரூபா கேட்டாள்.

"இரு. இன்னும் வளரட்டும். ஆள் அதிகமானா வேலையும் அதிகம் நடக்கும்ல?" என்றேன்.

ஆகஸ்ட் 25

இன்னும் ஒரு நாள் வளரட்டும் என்றேன். இவ்வளவு செல் இந்தக் கட்டடம் பார்த்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

செப்டம்பர் 2

மூன்றில் ஒரு பங்கு.

அவ்வளவுதான் வந்திருக்கிறது. அத்தனை செல்லும் சேர்ந்து செய்த ஓடு, பழைய கஞ்சியில் வருவதில் மூன்றில் ஒரு பங்கு. ஊசி விலை டீக்கு வரவில்லை. பிரியாணிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கஞ்சி மலிவு, ஆனால் ஓடு இல்லையே. முகப்பூச்சுக்காரர்கள் வியாழக்கிழமை வந்து ரியாக்டரை அளந்து பார்ப்பார்கள் என்றார் முதலாளி.

கொமுரய்யா போன் செய்தான். எடுக்கவில்லை. என்ன சொல்ல?

செப்டம்பர் 3

காலையில் ஸ்வரூபாவோடு போனில் சண்டை. நீ கலக்கியது சரியில்லை, காற்று விட்டது சரியில்லை என்றேன். "அக்கா, நீங்க சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன். நீங்க சொல்லாததையும் செஞ்சேன். தினம் கஞ்சியில சர்க்கரை அளவு எடுத்து வச்சிருக்கேன், கேளுங்க" என்று படிக்க ஆரம்பித்தாள். இருபத்து நாலாம் தேதி: கொஞ்சம். இருபத்தைந்து: துளி. இருபத்தாறு, வைரஸ் கொடுத்த அன்று: பூஜ்ஜியம்.

மறுபடி படி என்றேன். படித்தாள். அதே பூஜ்ஜியம்.

பட்டினி வீட்டில் போய் வேலை வாங்கியிருக்கிறேன்! செல்கள் கஞ்சி முழுவதையும் தின்று கொழுத்துவிட்டன. வைரஸ் வந்து ஓடு செய் என்றபோது செய்வதற்கு உள்ளே ஒரு வாய்கூட மிச்சமில்லை. எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேனே தவிர, கஞ்சியைத் தேர்ந்தெடுக்கிற இரண்டு மாதத்தில் ஒரு சின்னக் குடுவையிலாவது வைரஸ் கொடுத்துப் பார்த்தேனா? இல்லை. வளர்த்தியைப் பார்த்தே மயங்கிவிட்டேன். எங்களுக்கு வேண்டியது செல்லா? ஓடுதானே!

கஞ்சியில் தப்பில்லை. பாதி வளர்ந்ததுமே வைரஸ் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு குடம் புதுக் கஞ்சியும் ஊற்ற வேண்டும். இவ்வளவுதான்! ஸ்வரூபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "லட்டுல உங்க பாதியும் எனக்குத் தந்திருக்கணும்" என்றாள்.

செப்டம்பர் 4

முகப்பூச்சுக்காரர்கள் வந்தார்கள், அளந்தார்கள், வாசனையாகப் போனார்கள். நான் முதலாளி அறை வாசலில் போய் நின்றேன். அருகே வராதே, அங்கிருந்தே சொல் என்றார். சொன்னேன். இன்னும் ஒரே ஒரு தடவை என்றார்.

அனசூயா மேடமும் அங்கே இருந்தார். அவர் என் பக்கம் பேசுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "சார், அவ கொட்டகையில இருந்து இதுவரைக்கும் ஒரு ஈஸ்ட் கூட உள்ள வரலை. நான் தினம் தேடறேன். எனக்கே ஏமாத்தமா இருக்கு" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 21

பதுக்கம்மா பண்டிகை ஆரம்பம். தெருவெல்லாம் பூ. ரியாக்டரில் நேற்று, பாதி வளர்ந்ததுமே, வைரஸ் கொடுத்தாகிவிட்டது. புதுக் கஞ்சியும் ஊற்றியாகிவிட்டது. பூ அடுக்கைச் சுற்றிக் கைதட்டி ஆடும்போது தாளம் தப்பித் தப்பிப் போனது. பக்கத்து வீட்டு சுஜாதம்மா என் இடுப்பில் இடித்தாள்.

செப்டம்பர் 22

ஸ்வரூபா போன் எடுக்கவில்லை. எடுத்தாலும் சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் நாளாகும். தெரியும். இருந்தாலும்.

செப்டம்பர் 25

வந்துவிட்டது வந்துவிட்டது வந்துவிட்டது.

பழைய கஞ்சிக்குச் சமம். இல்லை, ஒரு பிடி கூட! ஸ்வரூபா கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். நான் இந்தப் பக்கம். நடுவில் மேடம் கண்ணாடியைத் துடைக்கத் துணியோடு ரெடியாக நின்றார், துடைக்கவில்லை. நான் நன்றாகச் சாய்ந்து நின்று அழுதேன். டீ விலை! இஞ்சி போட்ட டீ என்றுகூட வைத்துக்கொள்ளலாம்!

கொமுரய்யாவுக்கு நானே போன் செய்தேன். அனுமதி, சோதனை எல்லாம் இருக்கிறது, ஆனால் வேலை நிற்காது என்றேன். "என் பட்டியிலயே சோதிங்க அண்ணி" என்றான்.

செப்டம்பர் 27

முதலாளி கையெழுத்துப் போட்டார். முகப்பூச்சுக்காரர்களுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இனி வருஷம் முழுவதும் என் கஞ்சிதான்.

அதற்குக் கீழே மேடத்தின் நிபந்தனை: கொட்டகைக்கு நிரந்தரமாக ஒரு தலைவர். அந்த ஆள் செல் கட்டடத்துக்குள் வரவே கூடாது. இரண்டு நாள் கணக்கெல்லாம் இனிக் கிடையாது.

முதலாளி தாராளமாகச் சொன்னார். "நீ சீனியர். உன் செல்லுகிட்ட நீ திரும்பிப் போ. ஸ்வரூபாவுக்குக் காய்ச்சக் கத்துக் குடுத்துட்டு வா." அவளும் சரி என்றுதான் தலையாட்டினாள். ஆனால் முகம்?

நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. ஆறு வருஷம். என் பிள்ளைகள். ஆனால் ஈஸ்ட் ஒரு லாரிக்கு ஒரு லாரி மாறுகிறது. எந்த டிரம் கசக்கும், எதை இன்னும் கொஞ்சம் சூட்டில் விட வேண்டும் என்பது இப்போது என் மூக்குக்குத் தெரிகிறது. அவள் கற்றுக்கொள்வாள்தான். எத்தனை உலை பாழான பிறகு?

செப்டம்பர் 28

கொட்டகை என்று சொல்லிவிட்டேன். ஐலேஷ் சோப்பு மொத்த விலைக்கு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போயிருக்கிறார்.

அக்டோபர் 6

தசரா முடிந்து முதல் வேலை நாள். நான் மூன்று நாளாகக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. அனசூயா மேடம் காலையில் கூப்பிட்டார். "குளிச்சிட்டு, இங்க இருக்கற புதுத் துணியைப் போட்டுக்க. ஒரு மணி நேரம். பாத்துட்டு வந்துடு. யார்கிட்டயும் சொல்லாத, எழுதவும் எழுதாத" என்றார். எழுதிவிட்டேன், மேடம்.

உள்ளே அதே குளிர், அதே ஹும் சத்தம். ஸ்வரூபா நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லி நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினாள். பார்த்தேன். என் கஞ்சியைத் தின்று வளர்ந்த பிள்ளைகள். அவள் என் தோளில் கை வைத்திருந்தாள். இனி இவை உன்னுடையவை என்றேன். தெரியும்க்கா என்றாள்.

ஏதோ கேட்டாள், நான் சரியாகக் கவனிக்கவில்லை. கொட்டகையில் பாய்லர்காரரை நம்பி அண்டாவை ஏற்றச் சொல்லியிருந்தேன், புது லாரி ஈஸ்ட். அவர் சூட்டைக் கூட்டிவிடுவார், அவருக்கு எல்லாமே மெதுவாக நடப்பதாகத் தோன்றும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணிகூட ஆகவில்லை.

"நான் வரேன் ஸ்வரூபா, உலை கொதிச்சிடும்" என்று எழுந்து வந்துவிட்டேன்.